முழங்காலுக்கு ஒரு துணை
(மகாவீரர் ஜயந்தி விழாவில் நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

சமய விழா மேடையில் முழங்காலைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் வியக்கக்கூடும். பொன்னூர் மலையின் அடிவாரத்தை ஒருகணம் எண்ணிப் பார்த்தால் அவ்வியப்பு நீங்கும். குந்தகுந்தாசாரியரின் திருவடிச் சுவடுகளை வணங்க வந்த குடும்பத்தில் பிள்ளைகள் முன்னே ஓடிப் படியேறுகிறார்கள். பெற்றோர் பின்தொடர்கிறார்கள். பாட்டியார் மட்டும் கீழே ஒரு மரநிழலில் அமர்ந்துகொண்டு, “நீங்கள் போய் வாருங்கள், எனக்கும் சேர்த்து வணங்கி வாருங்கள்” என்கிறார். மலை ஏறுவது முதலில் நிற்கிறது. பிறகு ஜினாலயத்தை மும்முறை வலம் வருவது ஒருமுறையாகக் குறைகிறது. தரையில் விழுந்து வணங்குவது கைகூப்புவதோடு முடிகிறது. சாமாயிகத்துக்குத் தரையில் அமர இயலாமல் அதுவும் கைவிடப்படுகிறது. ஒரு மூட்டின் தேய்மானம் ஒருவரின் சமய வாழ்வைப் படிப்படியாகச் சுருக்கிவிடுகிறது. ஆகவே இது விழா மேடைக்கு உரிய பொருளே.

வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் வாழும் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் பெரும்பாலும் உழவுத் தொழிலில் ஊன்றியவை. நாற்று நடவும் களை பறிப்பும் குந்தி அமர்ந்தும் குனிந்தும் செய்யும் வேலைகள். மூட்டை சுமப்பதும் உண்டு. முழங்காலை ஆழ மடக்கியும் சுமை தூக்கியும் பல்லாண்டுகள் உழைத்தவர்களுக்கு மூட்டுத் தேய்மானம் மிகுதியாக வருகிறது என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட உண்மை. அதனுடன் முதுமையும் உடற்பருமனும் பழைய அடிகளும் சேர்ந்துகொள்கின்றன. பெண்களிடம் இந்நோய் ஆண்களைவிட அதிகம்.

முழங்கால் மூட்டில் தொடை எலும்பும் கெண்டைக்கால் எலும்பும் சந்திக்கின்றன. அவற்றின் முனைகளில் வழுவழுப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. மூட்டின் உட்புறம் ஓர் அறை, வெளிப்புறம் ஓர் அறை, முன்புறம் முழங்காற் சில்லு உராயும் இடம் என மூன்று பகுதிகளாக அதனைக் கருதலாம். நடக்கும்போது சுமையில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு உட்புற அறையின் மீதே விழுகிறது. அதனால்தான் பெரும்பாலோர்க்கு உட்புறம் முதலில் தேய்கிறது. தேயத் தேயக் கால் வில்லைப்போல் வெளிப்பக்கம் வளைகிறது. வளைய வளைய உட்புறத்தின் மீது சுமை மேலும் கூடுகிறது. பாதங்களைச் சேர்த்து வைத்து நிற்கும்போது இரு முழங்கால்களுக்கும் இடையே கையை நுழைக்குமளவு இடைவெளி தெரிந்தால் அந்த வளைவு தொடங்கியிருக்கலாம்.

படியில் ஏறுவதைவிட இறங்குவது கடினம் என்று முதியோர் சொல்வது வெறும் முறையீடு அன்று. செயற்கை மூட்டினுள் அளவுமானி பொருத்தப்பட்ட நோயாளிகளிடம் பெர்லின் ஆய்வாளர்கள் அளந்து 2010-இல் வெளியிட்ட முடிவு இதனை உறுதிசெய்கிறது. சமதரையில் நடக்கும்போது மூட்டின் மீது உடல் எடையைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு விசை விழுகிறது. படியேறும்போது அது மூன்று மடங்கைத் தாண்டுகிறது. இறங்கும்போது மூன்றரை மடங்கை எட்டுகிறது. அறுபது கிலோ எடையுள்ள மூதாட்டி ஒருவர் மலைப்படி ஒவ்வொன்றில் இறங்கும்போதும் அவர் முழங்கால் இருநூறு கிலோவுக்குமேல் தாங்குகிறது. “ஏறிவிட்டால் போதும், இறங்குவது எளிது” என்று ஊக்கப்படுத்தும் பேரப்பிள்ளைகள் இக்கணக்கை அறிவது நல்லது.

இந்நிலையில்தான் மருந்துக்கடைக் கண்ணாடிப் பெட்டியில் தொங்கும் மூட்டுப் பட்டை கண்ணில் படுகிறது. ‘நீ கேப்’ என்று எல்லோரும் அழைக்கும் மீள்தன்மையுள்ள உறை அது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். எலும்பை நிமிர்த்தவோ சுமையை வேறிடத்துக்கு மாற்றவோ அதற்கு ஆற்றல் இல்லை. ஆயினும் மூட்டுக்கு இளஞ்சூடு தருகிறது. தோலின் வழியாக ஓர் இறுக்க உணர்வைத் தந்து, கால் எந்த நிலையில் இருக்கிறது என்பதை மூளைக்கு உணர்த்துகிறது. கால் தடுமாறி மடங்கிவிடுமோ என்ற அச்சம் குறைகிறது. அச்சம் குறைந்தவர் கூடுதலாக நடக்கிறார். அவ்வளவே அதன் பயன், அதுவும் சிறிதன்று.

இரண்டாவது வகை முழங்காற் சில்லுக்கானது. முன்பக்கம் வட்டமாகத் திறந்து, சில்லைச் சுற்றி மெத்தைபோன்ற வளையம் உடையது. குந்தி எழும்போதும் படியிறங்கும்போதும் முழங்காலின் முன்புறத்தில் வலிப்பவர்களுக்கு இது பொருந்தும். மான்செஸ்டர் மருத்துவர்கள் இத்தகைய நோயாளிகள் 126 பேரிடம் ஆறு வாரம் சோதித்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், பட்டை அணிந்தவர்களுக்கு வலி குறைந்ததோடு, அணியாதவர்களோடு ஒப்பிடுகையில் எலும்பினுள் காணப்பட்ட பாதிப்பின் அளவும் சுருங்கியிருந்தது. மூட்டுப் பட்டைகளைப் பற்றிய ஆய்வுகளுள் நம்பிக்கையூட்டும் ஒன்று அது.

மூன்றாவதே மருத்துவர்கள் சிறப்பாகக் கருதுவது. பக்கவாட்டில் கீல் வைத்த சட்டமும் தொடையையும் கெண்டைக்காலையும் பற்றும் வார்களும் உடைய சுமைநீக்கும் பட்டை. சாய்ந்த மரத்துக்கு முட்டுக்கொடுப்பதுபோல, தொடையில் ஒரு புள்ளி, கெண்டைக்காலில் ஒரு புள்ளி, முழங்காலின் எதிர்ப்பக்கத்தில் ஒரு புள்ளி என மூன்று இடங்களில் அழுத்தி, தேய்ந்த பக்கத்திலிருந்து சுமையில் ஒரு பகுதியை நல்ல பக்கத்துக்கு மாற்றுகிறது. ஒரே அறை மட்டும் தேய்ந்து, கால் வளைவு கையால் தள்ளினால் ஓரளவு நிமிரக்கூடியதாக இருப்பவர்க்கு இது உதவும். மூன்று அறைகளும் தேய்ந்தவர்க்கும் வளைவு இறுகிவிட்டவர்க்கும் பெரும்பயன் இராது. தொடை மிகப் பருத்தவர்களுக்கு இது நிலையாக நிற்பதில்லை, கீழே வழிந்துவிடுகிறது. விலையோ பல ஆயிரம். கழற்றிவிட்டால் சுமை பழைய இடத்துக்கே திரும்பும். தேய்ந்த குருத்தெலும்பை வளர்த்துத் தரும் பட்டை எதுவும் உலகில் இல்லை. அவ்வாறு விளம்பரம் செய்பவரிடம் ஏமாறவேண்டாம்.

அமெரிக்க மூட்டுவாதவியல் கல்லூரியின் 2019-ஆம் ஆண்டு நெறிமுறை, நடையும் மூட்டின் உறுதியும் பெரிதும் பாதிக்கப்பட்டவர்களுக்கு முழங்கால் பட்டையை வலுவாகப் பரிந்துரைக்கிறது. பிரிட்டனின் ‘நைஸ்’ நிறுவனமோ 2022-இல் சற்றுக் கைகட்டியே பேசுகிறது: எல்லோருக்கும் வழக்கமாகத் தரவேண்டாம், மூட்டு நிலையற்றுத் தடுமாறினாலோ சுமை முறைதவறி விழுந்தாலோ, பட்டையின்றி உடற்பயிற்சி பயனளிக்காதபோது, இயக்கம் மேம்படும் என்று தோன்றினால் தரலாம் என்பது அதன் நிலை. இரண்டும் முரண்போல் தோன்றினாலும் அடிக்கருத்து ஒன்றே. பட்டை என்பது யாருக்கு, எதற்கு என்று பார்த்துக் கொடுக்கவேண்டிய பொருள். அண்டை வீட்டார்க்குப் பயன்பட்டது என்பதற்காக அதே பட்டையை வாங்குவது, அவருடைய மூக்குக்கண்ணாடியை வாங்கி அணிவதற்கு ஒப்பாகும்.

இனி, காலணியினுள் வைக்கும் ‘இன்சோல்’. இதில் பெரிதும் பேசப்பட்டது, வெளிவிளிம்பு உயர்ந்து உள்விளிம்பு தாழ்ந்திருக்கும் ஆப்பு வடிவத் தகடு. பாதத்தைச் சற்றே சாய்த்தால் முழங்காலின் உட்புறச் சுமை குறையும் என்பது அதன் தத்துவம். நடை ஆய்வுக்கூடங்களில் அளந்தபோது சுமை உண்மையிலேயே சிறிது குறைந்தது. அதனால் உலகெங்கும் பல்லாயிரம் பேர் அணிந்தனர். ஆனால் வலி குறைந்ததா என்பது வேறு வினா. மெல்போர்ன் ஆய்வாளர்கள் 200 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஆப்பு வடிவத் தகட்டையும் மற்றதற்குச் சாதாரணத் தட்டைத் தகட்டையும் ஓராண்டுக் காலம் அணியக் கொடுத்தனர். 2011-இல் வெளிவந்த முடிவில் வலியிலோ குருத்தெலும்பின் இழப்பிலோ வேறுபாடு காணப்படவில்லை. 2013-இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்களும், தட்டைத் தகட்டோடு ஒப்பிட்டால் ஆப்புத் தகட்டுக்குத் தனிச்சிறப்பு இல்லை என்றே கண்டனர். மேற்சொன்ன 2019-ஆம் ஆண்டு நெறிமுறையும் பொதுவாக இதனை வேண்டாம் என்கிறது. சிலருக்கு இதனால் கணுக்காலில் புதிய வலி தோன்றுவதும் உண்டு. கால் உட்பக்கம் வளைந்து முழங்கால்கள் ஒன்றோடொன்று தட்டுபவர்கள் இந்த ஆப்பை அணிந்தால் நிலை மேலும் கெடலாம்.

எனவே காலணிக்குள் பெரும்பொருள் செலவிடுவதைவிடக் காலணியையே நன்கு தேர்வதுதான் அறிவுடைமை. குதிகால் உயர்ந்தது வேண்டாம். குதியைப் பிடித்து நிறுத்தும் பின்சுவரும், முறுக்கினால் துணிபோல் மடங்காத அடியும் உடைய காலணி நன்று. இத்தகைய உறுதியான காலணிகளையும் மெல்லிய, வளையும் காலணிகளையும் ஒப்பிட்டு மெல்போர்னிலேயே நடந்த மற்றோர் ஆய்வு 2021-இல் வெளிவந்தது. உறுதியான காலணி அணிந்தோர்க்கே நடக்கும்போது வலி மிகுதியாகக் குறைந்தது. மெத்தைத் தகடு குதிவலிக்கும் களைப்புக்கும் இதமளிக்கும், வைத்துக்கொள்வதில் தடையில்லை. ஆனால் ஹவாய் செருப்பில் எந்தத் தகடும் நிற்காது. மழைக்காலக் களிமண்ணில் வரப்பின்மீது அச்செருப்போடு நடப்பது முழங்காலுக்கும் இடுப்புக்கும் ஒருசேர ஆபத்து.

இங்கே ஒரு வினா எழவேண்டும். ஜினாலய வாயிலில் காலணியைக் கழற்றிவிடுகிறோம். மலைகளிலும் வெறுங்காலோடு ஏறுவதே மரபு. காலணியினுள் இருக்கும் துணை அங்கே என்ன ஆகும்? வாயிலிலேயே நின்றுவிடும். இல்லத்திலும் கோயிலிலும் வெறுங்காலோடு நாளின் பெரும்பகுதியைக் கழிக்கும் குடும்பங்களுக்கு உள்தகட்டினால் வரும் பயன் மேலைநாட்டவர்க்கு வருவதைவிடவும் குறைவாகவே இருக்கமுடியும். பட்டையோ வேட்டிக்குள்ளும் புடவைக்குள்ளும் மறைந்து, கருவறை வாயில்வரை உடன்வரும்.

வெறுங்கால் நடையைப் பற்றி அஞ்சவும் வேண்டியதில்லை. சிகாகோவில் மூட்டுத் தேய்மானம் உடையோரை வழக்கமான காலணியோடும் வெறுங்காலோடும் நடக்கவிட்டு அளந்து 2006-இல் வெளியிட்டனர். வெறுங்காலில் உட்புறச் சுமையின் அளவுகோல் ஏறத்தாழ 12 விழுக்காடு குறைந்திருந்தது. சுமை குறைவதும் வலி குறைவதும் ஒன்றல்ல என்பதை ஆப்புத் தகடே காட்டிவிட்டது. ஆகவே இதனைக் கொண்டு காலணியைத் துறக்கவேண்டியதில்லை. கோயில் வலம் வருவதால் மூட்டு கெடும் என்று கவலைப்படவேண்டாம் என்ற அளவில் கொள்ளலாம். நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்கள் மட்டும் சுடுகல்லிலும் கரடுமுரடான படியிலும் வெறுங்காலோடு நடக்கும் முன் மருத்துவரைக் கேட்கவேண்டும். அவர்களுக்குச் சிறு கொப்புளமும் பெரும்புண்ணாகக்கூடும்.

கொல்லாமை நோன்புடையோர் கடையில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. சில உள்தகடுகளின் மேற்பரப்பும் சில பட்டைகளின் வார்களும் தோலால் ஆனவை. நியோப்ரீன் என்னும் செயற்கை இரப்பர், ஈ.வி.ஏ. நுரை, சிலிக்கோன், நைலான் துணி ஆகியவற்றால் ஆனவை தாராளமாகக் கிடைக்கின்றன. “தோல் இல்லாததாகக் கொடுங்கள்” என்று சொன்னால் போதும்; தரத்தில் குறைவு இராது. இதனோடு தொடர்புடைய இன்னொன்றையும் சொல்லிவிடவேண்டும். மூட்டுக்கு வலுவூட்டும் என்று விற்கப்படும் குளுக்கோசமைன் மாத்திரை பெரும்பாலும் இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கப்படுகிறது. காண்ட்ராய்ட்டின் என்பது விலங்குகளின் குருத்தெலும்பிலிருந்து வருவது. இரவுணவு நீக்கி, கிழங்கையும் விலக்கி வாழும் இல்லங்களில் இவை அறியாமலே உட்கொள்ளப்படுகின்றன. முழங்கால் தேய்மானத்துக்கு இவை வேண்டாம் என்று அதே 2019-ஆம் ஆண்டு நெறிமுறை வலுவாகக் கூறியிருக்கிறது. அறத்தின் வழியாகப் பார்த்தாலும் மருத்துவத்தின் வழியாகப் பார்த்தாலும் விடை ஒன்றாகவே வருகிறது.

பட்டையைவிட எளியதும் மலிவானதுமான துணை கைத்தடி. வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் அதனைப் பிடிக்கவேண்டும். வலக்கால் வலித்தால் இடக்கையில் தடி. பலரும் வலிக்கும் பக்கத்திலேயே ஊன்றுகிறார்கள். அதனால் பயன் குறைகிறது. தடியின் பிடி, கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டின் மடிப்புக்கு நேராக வரவேண்டும். தடியை நாணும் பெண்மணிகள் குடையை ஊன்றிச் செல்வதைக் காணலாம். குடை அதற்காகச் செய்யப்பட்டதன்று. வழுக்கும் கல்தளத்தில் அது சறுக்கிவிடும். அடியில் இரப்பர் குமிழ் உள்ள தடியே தடி.

உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மீது விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என்று 2005-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. ஒரு நாளில் எத்தனை ஆயிரம் அடிகள் என்று பெருக்கிப் பார்க்கலாம். ஆறு புறத்தவங்களுள் வயிறு நிறையுமுன் நிறுத்திக்கொள்ளும் குறையுணவுத் தவமும் ஒன்று என்பதை இந்த அவைக்கு எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. ஆயினும் குறைக்கவேண்டியது சோறும் நெய்யும் பலகாரமும். பருப்பும் பயறும் பாலும் அல்ல. தொடைத் தசை மெலிந்தால் மூட்டைத் தாங்குவோர் எவருமில்லை. நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி, பத்து எண்ணும்வரை நிறுத்தி இறக்குவது, தொடையின் முன்தசைக்கு உரிய எளிய பயிற்சி. நாள்தோறும் இரு கால்களுக்கும் பத்துப் பத்து முறை செய்யலாம். பட்டையை நம்பி இதனை விட்டுவிடுவோர்க்கு ஓராண்டில் பட்டையே ஊன்றுகோலாகிவிடும், தசை மறைந்துவிடும்.

இவ்வளவும் கேட்டபின் ஒரு பெரியவர் கேட்கக்கூடும்: “வலியைப் பொறுப்பதும் தவந்தானே? உடலுக்கு ஏன் இத்தனை உபசாரம்?” மதிக்கத்தக்க கேள்வி. காயக்கிலேசம் என்னும் உடல்வருத்தத் தவம் நூல்களில் உண்டு. மயிற்பீலியும் கமண்டலமும் அன்றி வேறு உடைமையற்ற முனிவர்கள் அதனை ஏற்கிறார்கள். இல்லறத்தார் முனிவரின் அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றிலும் இல்லறத்தாராகவே இருப்பது பொருந்தாது. தீர்த்தங்கர நாமகருமத்துக்குக் காரணமாகச் சொல்லப்படும் பதினாறு பாவனைகளுள் தியாகமும் தவமும் ‘ஆற்றலுக்கேற்ப’ என்ற அடைமொழியோடுதான் வருகின்றன. அதே பதினாறில் நோயுற்றோர்க்குத் தொண்டு செய்யும் வையாவிருத்தியமும் இருக்கிறது. காலையில் பாட்டியாரின் காலில் பட்டையின் வார்களை அளவாக இழுத்துக் கட்டிவிடும் பெயர்த்தி அந்தப் பாவனைக்கு வெகுதொலைவில் இல்லை. தரையில் அமர இயலாதவர் சாமாயிகத்தைக் கைவிடவும் வேண்டாம். நின்ற நிலையாகிய காயோத்சர்க்கம் நூல் ஒப்பிய நிலையே. விந்தியகிரியில் பாகுபலி நிற்கத்தானே செய்கிறார்! நெடுநேரம் நிற்கவும் இயலாதவர் நாற்காலியில் அமரட்டும்.

பட்டை வாங்கும்போது அளவை ஊகிக்கவேண்டாம். முழங்காற் சில்லின் நடுவிலும், அதற்கு மேலும் கீழும் உற்பத்தியாளர் குறிக்கும் தொலைவிலும் நாடாவால் சுற்றளவு எடுத்து, பெட்டியின் மேலுள்ள அட்டவணையோடு ஒப்பிடவேண்டும். மாலையில் வீக்கம் கூடுபவர் மாலையில் அளப்பது நன்று. கட்டியபின் ஒரு விரல் உள்ளே நுழையவேண்டும். பாதம் குளிர்ந்தாலோ மரத்தாலோ கெண்டைக்கால் வீங்கினாலோ உடனே கழற்றவேண்டும். நரம்புச் சுருள் உடையோரும், காலில் இரத்தக்கட்டி வந்தவர்களும், பாத உணர்ச்சி குன்றிய நீரிழிவாளரும் மருத்துவரைக் கேளாமல் அணியலாகாது. உறங்கும்போது பொதுவாகத் தேவையில்லை. சித்திரை வெயிலில் வியர்வை தேங்கி அரிப்பும் தடிப்பும் வரும்; உள்ளே மெல்லிய பருத்தித் துணி வைத்துக்கொள்ளலாம். நியோப்ரீனே ஒவ்வாத தோலும் சிலர்க்கு உண்டு. இரவில் மிதமான வழலையில் அலசி நிழலில் உலர்த்தவேண்டும். வெயிலில் காயவைத்தால் இரப்பர் விரைவில் தளரும். தளர்ந்த பட்டை வெறும் துணியே.

கீல் வைத்த பட்டையைக் கடையில் வாங்குவதைவிட அளவெடுத்துப் பொருத்தும் இடத்தை நாடுவது சிறந்தது. சென்னை கலைஞர் கருணாநிதி நகரிலுள்ள அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையத்திலும், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இத்தகைய சாதனங்களுக்கான பிரிவுகள் உண்டு. ஆரணி, வந்தவாசிப் பக்கத்தார்க்கு வேலூர் எட்டாத தொலைவன்று. மூட்டு திடீரெனச் சிவந்து சுடுமாறு வீங்கினாலோ, இரவில் உறங்கவிடாமல் வலித்தாலோ, கால் மடங்காமல் பூட்டிக்கொண்டாலோ பட்டையைத் தேடாமல் மருத்துவரைத் தேடவேண்டும்.

யாத்திரைக்குப் புறப்படுவோர்க்கு ஒரு சொல். சம்மேத சிகரத்தில் ஏறி, சுற்றி, இறங்கினால் 27 கிலோமீட்டர். புதிய பட்டையை முதன்முதலாக அன்று அணிவது புதுச் செருப்போடு நெடும்பயணம் போவதைப்போன்றது. மூன்று நான்கு வாரம் முன்பாகவே வாங்கி, முதல்நாள் ஒரு மணி நேரம், பின் இரண்டு மணி நேரம் என்று கூட்டிக்கொண்டே போகவேண்டும். வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்கிப் பழகவேண்டும். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில் என்பது வழக்கமாகிவிடவேண்டும். இறங்கும் வேளையில் கைப்பிடிச் சுவர் இருக்கும் பக்கமாகவே நடக்கவேண்டும். அவ்வளவும் செய்தும் இயலாது என்று தோன்றினால், சிகரத்திலும் சிரவணபெளகுளத்திலும் டோலி சுமப்போர் இருக்கிறார்கள். போகும்போது நடந்து ஏறி, வரும்போது மட்டும் டோலியில் இறங்குவதும் நடைமுறைக்கு உகந்த ஏற்பாடே. கடினமானது இறக்கம்தான் என்பதால் அதற்குப் பேரம் பேசும்போது சுமப்போரின் முழங்காலையும் சற்று நினைத்துக்கொள்ளலாம்.